விமான இயந்திரத் தீ: கண்டித் தலைமையகக் காலத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

பேராதனைத் தாவரவியற் பூங்காவை மூன்று புறமும் அணைத்து மகாவலி கங்கை வளைந்தோடுகின்றது. 1821ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற இப்பூங்கா செடிகொடிகளின் வரலாற்றிலன்றிப் போர் வரலாற்றிலும் இடம்பெறுவதாகும். 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே நேசநாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது. மவுண்ட்பேற்றன் பிரபுவின் தலைமையில் அடுத்த ஒன்றரை ஆண்டுக்காலம் பர்மா, சயாம், மலாயா, சுமாத்திரா ஆகிய களங்களுக்குரிய போர்த்திட்டங்கள் இம்மர நிழல்களிலேயே வகுக்கப்பட்டன. அப்போர் பெரும்பாலும் ஆகாயவழிப் போராகவே நடைபெற்றது. காடுகளிற் சிக்கிய படைகளுக்கு உணவும் வெடிமருந்தும் வானிலிருந்து வீழ்ந்தன. காயமுற்றோர் சிறு விமானங்களில் ஏற்றப்பட்டுக் காப்பிடம் சேர்க்கப்பட்டனர். அவ்விமானங்களை இயக்கியவை யாவும் பெற்றோலை உண்டு உந்துதண்டாற் சுழலும் இயந்திரங்களே.

இவ்வியந்திரங்களுக்கு இயல்பாக அமைந்த ஆபத்து தீயாகும். எதிரியின் குண்டு படாமலே, ஓர் எண்ணெய்க் குழாயின் இணைப்புத் தளர்ந்தமையாலோ, புகைபோக்கியில் ஏற்பட்ட ஒரு வெடிப்பினாலோ தீ மூளக்கூடும். அவ்வாறு மூண்ட தீயை வானோடி எவ்வாறு எதிர்கொள்வது, தீ அணைந்தபின் செய்யவேண்டியது யாது என்னும் வினாக்களுக்கு இன்று ஒவ்வொரு பயிற்சி விமானத்தின் கைந்நூலிலும் விடையுண்டு. அவ்விடைகள் சில வரிகளே. ஆயினும் அவ்வரிகள் உருவான வரலாறு நெடியது. அவ்வரலாற்றையும், அதிலே கண்டித் தலைமையகக் காலம் பெறும் இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீ பிறக்கும் இடம்

உந்துதண்டு இயந்திரத்தின் தொழிற்பாடே அடக்கப்பட்ட தீயின் தொழிற்பாடாகும். காபுரேற்றரிலே பெற்றோல் காற்றுடன் கலக்கின்றது. கலவை உருளைக்குட் சென்று மின்பொறியால் எரிகின்றது. எரிந்த வாயு புகைபோக்கி வழியே வெளியேறுகின்றது. இவ்வொழுங்கில் எரிபொருளும் காற்றும் வெப்பமும் தத்தமக்குரிய இடங்களில் நிற்கும்வரை ஆபத்தில்லை. பெற்றோல் குழாயை விட்டு வெளியே கசிந்தால், அல்லது வெப்பம் புகைபோக்கியை விட்டு வெளியே பரந்தால், இயந்திர மூடிக்குள்ளே கட்டற்ற தீ மூளுகின்றது. பறக்கும் விமானத்தின் காற்றோட்டம் அத்தீயைப் பின்னோக்கித் தள்ளும். ஒற்றை இயந்திரம் பூண்ட சிறு விமானத்திலே இயந்திரத்திற்கு நேர் பின்னே அமர்ந்திருப்பவன் வானோடியே. ஆகவே தீ முதலில் நாடிச் செல்வது அவனையே எனலாம்.

விமானம் தரையில் நிற்கும்போதும் இவ்வாபத்து உண்டு. குளிர்ந்த இயந்திரத்தை இயக்குவதற்காக மிகுதியான பெற்றோலைச் செலுத்துவது வழக்கம். அது காபுரேற்றரிற் தேங்கி நிற்க, இயந்திரம் பின்னோக்கி வெடிக்குமாயின் தேங்கிய பெற்றோல் பற்றிக்கொள்ளும். சுழல்விசிறியைக் கையாற் சுழற்றி இயக்கிய பழைய விமானங்களில் இவ்விபத்து அரிதன்று.

முதலாம் உலக யுத்தத்தில் வானோடிகள் குண்டினும் தீயையே பெரிதும் அஞ்சினர். பெற்றோற் தாங்கிகள் காப்பற்றவையாய் இருந்தன. சட்டங்கள் மரத்தாலும் மெழுகுபோன்ற பூச்சிட்ட துணியாலும் ஆனவை. பலூன்களில் இருந்த நோக்குநர்க்கு வான்குடை வழங்கப்பட்டது. பிரித்தானிய விமான வானோடிகளுக்கோ யுத்தம் முடியும்வரை அது வழங்கப்படவில்லை. விமானத்தை ஒருபுறம் சரித்து வழுக்கிச் செலுத்தித் தீயைத் தம்மீது படாது விலக்குவதொன்றே அவர் அறிந்த உபாயம். கல்கத்தாவிற் பிறந்த இந்திரலால் ராய் என்னும் இளைஞர் 1918 ஜூலையிற் பதின்மூன்று நாள்களுக்குள் 10 எதிரி விமானங்களை வீழ்த்தியவர். அவர் அம்மாதம் 22ஆம் தேதி பிரான்சிய வானிலே தீப்பற்றிய விமானத்துடன் வீழ்ந்து மாண்டபோது வயது 19. நான்கு நாள்களின் பின், பிரித்தானியரின் புகழ்பெற்ற வானோடியாகிய மன்னொக் என்பவரும் அவ்வாறே தீயில் மாண்டார். தீ தம்மை அணுகினாற் பயன்படுத்துவதற்கெனக் கைத்துப்பாக்கி ஒன்றைத் தம்முடன் அவர் கொண்டு செல்வது வழக்கமாயிருந்தது. ஒரு காலத்து வானோடிகளிடம் தீக்கு எதிராக இருந்த ஒரே விடை இதுதான் என்பது அக்காலத்தின் அறிவு நிலையை நன்கு காட்டுகின்றது.

இலங்கை வானும் ஒற்றை இயந்திர விமானங்களும்

இலங்கையின் முதல் விமான நிலையமான இரத்மலானையிலே 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி முதல் விமானம் இறங்கிற்று. அது சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ரின்டேல் பிஸ்கோ செலுத்திவந்த பஸ் மொத் என்னும் ஒற்றை இயந்திரச் சிறு விமானமாகும். 1938 பெப்ரவரியில் ராட்டா நிறுவனத்தின் தபால் விமானம் கொழும்பை வந்தடைந்தது. இவையெல்லாம் அமைதிக்காலத்துச் சாதனைகள். அமைதி நெடுநாள் நிலைக்கவில்லை.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் தேதி திருகோணமலையைத் தாக்கின. இரத்மலானையிலும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலும் சீனன்குடாவிலும் இருந்து அவற்றை எதிர்த்து எழுந்தவை ஹரிகேன் என்னும் ஒற்றை இருக்கை விமானங்கள். இவ்விமானத்தின் அமைப்பு இங்கு நோக்கற்பாலது. அதன் சிறகடியில் இரு பெற்றோற் தாங்கிகள் இருந்தன. அவையன்றி 28 கலன் கொள்ளும் மூன்றாவது தாங்கி ஒன்று, கருவிப் பலகைக்கு அப்பால், வானோடியின் மார்புக்கு நேரெதிரே வைக்கப்பட்டிருந்தது. அது துளைபட்டால் எரியும் பெற்றோல் நேரே இருக்கையினுட் பாயும். சில நொடிகளில் வெளியேறாதவனின் கைகளும் முகமும் கருகிப்போகும். பிரித்தானியாவின் வான் போரிலே மருத்துவர்கள் புதியதொரு காயவகையையே கண்டனர் எனலாம்.

முதல் தீயும் அதன் பின்விளைவும்

அக்காயத்தைத் தாங்கியவர்களுள் ஜேம்ஸ் நிக்கல்சன் ஒருவர். அவர் வாழ்க்கை இப்பொருளுக்கு மிகவும் இயைபுடையது. 1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி சவுதாம்ரன் நகருக்கு அண்மையிலே அவருடைய ஹரிகேன் எதிரி விமானத்தாற் தாக்குண்டது, முன்தாங்கி பற்றியெரிந்தது. வெளியே குதிக்க முற்பட்ட அவர், எதிரி விமானம் ஒன்று தம் எதிரே வருவதைக் கண்டு எரியும் இருக்கையில் மீண்டும் அமர்ந்து அதைச் சுட்டார். பின்னரே குதித்தார். கைகள், முகம், கழுத்து, கால்கள் ஆகியன கடுமையாக எரிந்திருந்தன. இதற்காக அவருக்கு விக்ரோறியாச் சிலுவை வழங்கப்பட்டது. பிரித்தானியப் போர்விமானக் கட்டளைப் பிரிவினருள் இரண்டாம் உலக யுத்தத்தில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

நிக்கல்சன் போன்றோரின் காயங்கள் மருத்துவத்தை மாற்றின. ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் மருத்துவமனையில் பணியாற்றிய மக்கின்டோ என்னும் நியூசிலாந்து நாட்டுச் சத்திர வைத்தியர், எரிகாயத்துடன் கடலில் வீழ்ந்த வானோடிகளின் புண்கள் தரையில் வீழ்ந்தோரின் புண்களினும் விரைவாக ஆறுவதைக் கவனித்தார். அதிலிருந்து உப்புநீர்க் குளியல் சிகிச்சை பிறந்தது. தோலை இறுக்கி விரல்களை முடமாக்கிய தனிக்கமிலப் பூச்சு கைவிடப்பட்டது. அவருடைய நோயாளர்கள் 1941இல் தமக்கென ஒரு கழகம் அமைத்தனர். பரிசோதனைக்குப் பயன்படும் சீமைப்பெருச்சாளியின் பெயரையே அதற்கு இட்டுக்கொண்டனர். நாளடைவில் 649 பேர் அதில் உறுப்பினராயினர். தீயின் பின்விளைவு என்பது எரிந்த இயந்திரத்தோடு முடிவதன்று. உருமாறிய முகத்துடன் மனிதன் மீண்டும் சமூகத்துள் நுழைவதும் அதன் பகுதியே என்பதை இக்கழகம் உலகுக்கு உணர்த்திற்று.

கண்டியின் கட்டளைக்குட்பட்ட வானம்

தென்கிழக்காசியக் கட்டளையின் விமானப்படைத் தலைமைக்கென நியமிக்கப்பட்ட லீ மலறி, தம் பதவியை ஏற்க வரும் வழியில் 1944 நவம்பரிலே பிரான்சிய மலைகளில் நிகழ்ந்த விமான விபத்தில் மனைவியுடன் மாண்டார். அவருக்குப் பதிலாக 1945 பெப்ரவரியில் அப்பதவியை ஏற்றவர் கீத் பார்க். 1940இல் தென்கிழக்கு இங்கிலாந்தின் ஹரிகேன்களையும் ஸ்பிற்பயர்களையும் நெறிப்படுத்தியவர் இவரே. முன்தாங்கியின் தீயால் எரியுண்ட இளைஞர்களை நேரிற் கண்ட தளபதி ஒருவர் இவ்வாறு கண்டிக்கு வந்து சேர்ந்தார்.

இக்காலத்திற் பயன்பட்டவை பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு இயந்திரம் பூண்ட விமானங்கள். இலங்கையிலே சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா ஆகிய தளங்களிலிருந்து லிபரேற்றர் விமானங்கள் வங்கக் கடலைத் தாண்டிச் சென்றன. 1944 ஆகஸ்ட் 10ஆம் தேதி சீனன்குடாவிலிருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்க எழுந்தன. போய்வரும் தூரம் ஏறத்தாழ 4,000 மைல். இத்துணை நெடிய பறப்பிலே வானோடிகள் அஞ்சியது பீரங்கியை மட்டுமன்று. தம் சொந்த இயந்திரங்களையும் ஆகும். பி-29இன் இயந்திரம் மிகையாக வெப்பமுறும் இயல்பினது. அதன் உறுப்புக்கள் சில எளிதில் எரியும் மகனீசியக் கலப்புலோகத்தால் ஆனவை. 1943 பெப்ரவரி 18ஆம் தேதி அமெரிக்காவின் சியற்றில் நகரிலே இதன் முன்மாதிரி விமானம் ஒன்று இயந்திரத் தீயால் வீழ்ந்தபோது, சோதனை வானோடி எடி அலன் உட்பட அதிலிருந்த 11 பேரும் மாண்டனர். கீழே இருந்த தொழிற்சாலையிலும் பலர் உயிரிழந்தனர். அக்குறை முற்றாக நீங்குமுன்பே அவ்வகை விமானங்கள் இலங்கை வானிற் பறந்தன. யுத்தத்தின் அவசரம் தீயின் ஆபத்தை ஏற்றுக்கொண்டது என்பதே உண்மை.

இனி நிக்கல்சனின் வரலாற்றைத் தொடர்தல் வேண்டும். காயம் ஆறி எழுந்த அவர் 1942இல் இந்தியாவுக்கு வந்தார். பர்மாக் களத்திலே மொஸ்கிற்றோ விமானப் படையணி ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். 1945 மே 2ஆம் தேதி, நேசநாட்டுப் படைகள் இரங்கூனை மீட்கக் கரையிறங்கிய அதே நாளிலே, வங்காளத்தின் சால்பனித் தளத்தைச் சேர்ந்த லிபரேற்றர் விமானம் ஒன்றில் நோக்குநராக அவர் சென்றார். அவ்விமானம் தீப்பற்றி வங்கக் கடலில் வீழ்ந்தது. அவருடைய உடல் கண்டெடுக்கப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 28.

ஒரே மனிதன் இரு தீயை எதிர்கொண்டமை இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதல் தீயிலே முடிவெடுப்பது அவர் கையில் இருந்தது. எரியும் இருக்கையில் இருப்பதா, குதிப்பதா என்பதை அவரே தீர்மானித்தார். அவ்வீரத்துக்கு விருதும் கிடைத்தது. இரண்டாம் தீயிலோ அவர் விமானத்தைச் செலுத்தியவரல்லர். அவருடைய வீரத்துக்கு அங்கே வேலையில்லை. இயந்திரத்தின் அமைப்பும் பராமரிப்பும் தீயணைப்புச் சாதனமும் ஒருங்கே கைகொடுத்தாலன்றி அங்கு உயிர்தப்ப வழியில்லை. வீரம் ஒரு மனிதனை ஒரு முறை காக்கலாம்; ஒழுங்கமைந்த அறிவே பலரைப் பலமுறை காக்கவல்லது.

வரிகளாகிய அனுபவம்

பல இயந்திரம் பூண்ட விமானங்களிலே, தீப்பற்றிய இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காபனீரொட்சைட்டு அல்லது மெதைல்புரோமைட்டு வாயுவை அதன்மீது பாய்ச்சும் முறை யுத்தகாலத்திலே பரவலாயிற்று. எஞ்சிய இயந்திரங்களின் வலுவால் விமானம் தளம் திரும்பலாம். ஒற்றை இயந்திரச் சிறு விமானத்துக்கோ இவ்வசதி பொதுவாக இல்லை. அதன் பாதுகாப்பு மூன்று பொருள்களில் தங்கியுள்ளது: எரிபொருளைத் தடுக்கும் அடைப்பான், இயந்திரத்துக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட உருக்குத் தீத்தடுப்புச் சுவர், வானோடியின் பயிற்சி.

இன்று உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா போன்ற சிறு விமானங்களின் கைந்நூல்கள் இம்முறையைத் தெளிவாக வகுத்துரைக்கின்றன. தரையில் இயந்திரத்தை இயக்கும்போது காபுரேற்றர் பற்றிக்கொண்டால், பதறிச் சுழற்சியை நிறுத்துதல் கூடாது. சுழற்சியைத் தொடர்ந்தால் தீயும் தேங்கிய பெற்றோலும் இயந்திரத்தினுள்ளே இழுக்கப்பட்டு அங்கேயே எரிந்து முடியும். இயந்திரம் இயங்கத் தொடங்கினாற் சில நிமிடம் இயக்கிப் பின் நிறுத்திச் சோதித்தல் வேண்டும். இயங்காவிடின் எரிபொருட் கலவையை வெட்டி, காற்றுவழியை முழுதும் திறந்து, சுழற்சியைத் தொடர்ந்தவாறே பெற்றோல் அடைப்பானை மூடித் தீயணைப்புக் கருவியை நாடவேண்டும். தீயிலிருந்து விலகி ஓடுவதே மனித இயல்பு. இவ்விதியோ தீயை அது பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்பச் சொல்கின்றது. பயிற்சியின்றி இது எவர்க்கும் தானாகத் தோன்றாது.

வானிலே தீ மூண்டால் விதி இன்னும் கடுமையானது. கலவையை வெட்டுக, பெற்றோல் அடைப்பானை மூடுக, மின்சார முதன்மை ஆளியை நிறுத்துக, இயந்திரப் பக்கத்திலிருந்து இருக்கைக்கு வெப்பக்காற்றுத் தரும் வழியை அடைத்திடுக. இறுதியாகக் கூறியது சிறிதெனத் தோன்றினும் உயிர்நாடியானது. ஏனெனில் அவ்வழியே தீயினும் முந்திக் காபனோரொட்சைட்டு நச்சுவாயு உட்புகும். இவற்றின் பின் விமானத்தை விரைந்து இறக்கி வேகத்தைக் கூட்டவேண்டும். குறித்த வேகத்துக்கு மேற் காற்றோட்டம் மிகுந்து, எரிபொருளும் காற்றும் எரியும் விகிதத்தில் நில்லாது தீ அணையக்கூடும். தீ அணைந்த பின்னர் இயந்திரத்தை மீண்டும் இயக்க முயலுதல் ஆகாது. அதே கசிவு அங்கே காத்திருக்கும்.

எரிபொருளை வெட்டியதும் விமானம் இயந்திரமற்ற மிதவையாகின்றது. சமவெளியிலே அதற்கு ஒரு வயலேனும் வாய்க்கும். கண்டியைச் சூழ்ந்த நிலமோ அத்தகையதன்று. ஹந்தானை மலைத்தொடரும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் இருபுறம் எழுந்து நிற்க, இடையிலே படிமுறை வயல்களும் செங்குத்தான தேயிலைச் சரிவுகளும் மகாவலியின் பாறைப் படுகையுமே உள்ளன. இந்நிலத்தின்மேற் பறப்பவன் தீ மூண்டபின் இறங்குமிடத்தைத் தேடுதல் இயலாது. மூளுமுன்னரே, ஒவ்வொரு நிமிடமும் அதனை எண்ணிக்கொண்டே பறத்தல் வேண்டும். மலைநாட்டு வானம் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.

தீ அணைந்தபின்

தீயின் வரலாற்றிலே மக்கள் பெரிதும் கவனியாத பகுதி அது அணைந்த பின்னர் தொடங்குவதாகும். விமானம் பத்திரமாகத் தரையிறங்கி, மூடியிற் கரிப்படிவு மட்டுமே தெரிந்தாலும் அதனைத் துடைத்துவிட்டு மீண்டும் பறத்தல் முடியாது. இயந்திரத்தைத் தாங்கும் உருக்குச் சட்டம் தன் உறுதியை இழந்திருக்கலாம். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகுவது. அதற்கு மிகக் குறைந்த வெப்பத்திலேயே அதன் வலு குன்றிவிடும். இறப்பர்க் குழாய்களும் மின்கம்பிகளின் உறைகளும் வெளியே நலமாகத் தோன்றி உள்ளே இறுகியிருக்கும். இக்காரணங்களாலேயே தீத்தடுப்புச் சுவர்கள் ஏறத்தாழ 1,100 பாகை வெப்பச் சுவாலையைப் பதினைந்து நிமிடம் தாங்கவேண்டுமென்ற அளவுகோல் வகுக்கப்பட்டது. பதினைந்து நிமிடம் என்பது இயந்திரத்தின் ஆயுளன்று. இறங்கி வெளியேற மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசமாகும்.

இரண்டாவது பணி காரணத்தை அறிதல். யுத்தகாலத்தில் இதற்கு நேரமில்லை. கடலில் வீழ்ந்த விமானங்களின் காரணங்கள் கடலிலேயே மறைந்தன. அமைதிக்காலத்திலோ விசாரணை எளிதாகவே குற்றம் சுமத்தும் முயற்சியாக மாறிவிடும். வானோடி தவறினானா, திருத்துநன் தவறினானா என்ற வினா எழுந்ததும், உண்மையை அறிந்தவர் வாய்திறக்க அஞ்சுவர். இத்தடையை உலகம் உணர்ந்தது. 1944 டிசம்பரிற் சிக்காகோவில் உருவான உடன்படிக்கையின் வழியே சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் அமைந்தது. அந்நிறுவனம் 1951 ஏப்பிரலில் விபத்து விசாரணைக்குரிய 13ஆம் இணைப்பை ஏற்றுக்கொண்டது. விசாரணையின் ஒரே நோக்கம் இனிவரும் விபத்தைத் தடுத்தலேயன்றிப் பழியைப் பங்கிடுதலன்று என்னும் கோட்பாட்டைப் பின்வந்த பதிப்புக்கள் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டின. அதே 1951ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி இலங்கை விமானப்படை தோன்றிற்று. அதன் தொடக்ககாலப் பயிற்சி விமானம் சிப்மங் என்னும் ஒற்றை இயந்திரச் சிறு விமானமாகும். யுத்தகாலத்து அனுபவங்கள் வகுப்பறைப் பாடங்களாக இந்நாட்டு இளைஞர்க்குக் கிடைத்தமை இவ்வழியேயாம்.

முடிவுரை

இயந்திரத் தீயின் வரலாறு மூன்று கட்டங்களாக விரிந்துள்ளது. முதற் கட்டத்தில் வானோடி தன் விதியின் கையில் விடப்பட்டான். இரண்டாம் கட்டத்தில் அவன் வீரத்துக்காகப் போற்றப்பட்டான். அவனுடைய காயத்துக்கு மருந்தும் கண்டறியப்பட்டது. மூன்றாம் கட்டத்திலேதான் அவனுக்குத் தெளிவான முறைகளும், முறைகளுக்கு அடிப்படையான காரண அறிவும், தவற்றைக் கூறுதற்குரிய பாதுகாப்பும் வழங்கப்பட்டன. கண்டித் தலைமையகக் காலம் இரண்டாம் கட்டத்தின் முடிவிலும் மூன்றாம் கட்டத்தின் வாயிலிலும் நிற்பதாகும்.

கண்டி நகரின் புறத்தே, பித்தகந்தைப் பகுதியிலே, மகாவலிக்கு அண்மையில் பொதுநலவாய யுத்த மயானம் அமைந்துள்ளது. பல நாட்டவர்க்குரிய ஏறத்தாழ 200 கல்லறைகள் அங்குள்ளன. நிக்கல்சனுக்கு அங்கும் கல்லறையில்லை; எங்கும் இல்லை. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னத்திலே, புதைகுழி அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்களுக்கிடையே அவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அவருக்கு விருதளித்த வீரத்தை நூல்கள் மறவாது கூறுகின்றன. ஆயின், தீப்பற்றிய இயந்திரத்துக்கு முன்னே அமர்ந்து, பதறாது எரிபொருளை வெட்டிப் பத்திரமாக இறங்கும் ஒவ்வோர் இளம் வானோடியும் பெயரறியா எத்தனையோ பேரின் இறுதி நிமிடங்களிலிருந்து பெற்ற பாடத்தையே கையாளுகின்றான். வீரரை நினைவுகூர்வதோடு அமையாது, அவர் ஏன் இறக்க நேர்ந்தது என்பதையும் கேட்டு விடை காணும் சமூகமே இறந்தோர்க்குரிய கடனை நிறைவேற்றிய சமூகமாகும்.